இரண்டாவது ஆண்

இன்னும் மூன்று நாள்.
பட்டியலில் ஒரு வரி மட்டும் காலி.
மைனாவைவிடச் சிறிது, சாம்பல் நிறம்,
தன் பெயரைத் தானே கூவும் என்கிறார்கள்:
துயித்-துயித்.
ரீயூனியன் தீவில் இந்த மலைமேட்டைத் தவிர
வேறு முகவரி இல்லாதது.

லெ ப்ரூலேயில் ரொட்டிக்கடை திறக்குமுன்
ஏறத் தொடங்குவோம்.
பத்து மணியானால் மூடுபனி வந்து
காட்டுக்கு ஷட்டரை இறக்கிவிடும்.
முன்னால் ஜோசெலின் விராசாமி,
முதுகில் எலிமருந்துக் கட்டிகள்.
முட்டையை எலி எடுத்துவிடுகிறது,
அதனால் மரத்தடிதோறும் ஒரு பெட்டி.
நூற்றுப்பன்னிரண்டு, நூற்றுப்பதின்மூன்று
என்று குனிந்து குனிந்து போகிறார்.
கட்டி கரைந்திருந்தால் மாற்றுவார்.
கரையாமல் இருந்தால்
அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுப்பார்.

முதல் நாளே சைகையில் சொல்லியிருந்தார்:
பதிவு செய்த குரலைப் போடக்கூடாது,
கூடு கட்டும் மாதம்.
தலையாட்டினேன்.
தெக்-தெக் குருவிக்கு எந்தக் குரலும் தேவையில்லை,
தானே வந்து
என் காலணி நாடாவைப் பரிசோதித்துவிட்டுப் போகும்.
அதை முதல் பக்கத்திலேயே எழுதியாயிற்று.

கடைசிக்கு முந்தைய நாள்
இன்னாசிமுத்துவுக்கு முட்டி வீங்கிவிட்டது.
"நீங்களாவது பாத்துட்டு வாங்க சார்,
ரெண்டு பேர் டிக்கெட் காசு."
ஜோசெலின் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்
பெட்டி பார்க்கப் போயிருந்தார்.
பாசியில் நீர் சொட்டும் சத்தம்.
நான், கைப்பேசி.

மூன்று தரம் போட்டேன்.
வந்தது.
தொண்டைச் சிறகு சிலிர்க்க, அலகு திறந்தபடி,
என் சட்டைப்பையில் இருந்த ஒருவனை
கிளை கிளையாகத் தேடியது.
என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில்
திரும்பித் திரும்பித் தேடியது.
அடிவயிற்று வெண்மைகூடத் தெரிந்தது.
வாழ்க்கையில் எந்தப் பறவையையும்
இவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை.
பேனா மூடியைக் கழற்றினேன்.
திரும்ப மாட்டினேன்.

கடைசி நாள்.
மழைக்கு ஒதுங்கிய தகரக் கொட்டகையில்
ஜோசெலின் ரொட்டியைப் பிய்த்து
மிளகாய் ஊறுகாய் தடவி பெரிய பாதியை எனக்குத் தந்தார்.
பிறகு நோட்டை விரித்தார்.
இத்தனை நாளில் அவர் பல் தெரியச் சிரித்து
நான் பார்த்ததில்லை.
நேற்று, ஆறு ஐம்பது.
பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம்.
இரண்டு விரலைக் காட்டினார்.
ஏழு வருடமாக இங்கே ஒரே ஆண்.
நேற்று இன்னொருவன் பதில் சொல்லியிருக்கிறான்!
புதியவன், வாலிபன் என்றார்,
எங்கிருந்தோ வந்திருக்கிறான்.

வங்கியில் எனக்குத் தணிக்கை வேலை.
இல்லாத ஆளின் பெயரில் எடுத்த கடனை
கையெழுத்தின் சாய்வை வைத்தே பிடித்திருக்கிறேன்.
ரொட்டி தொண்டையில் நின்றது.

இறங்கும் வழியெல்லாம்
ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன்.
பிரெஞ்சில் எனக்கு இறந்தகாலம் வராது.
நூற்றுப்பதின்மூன்றாம் பெட்டியருகே
கைப்பேசியை எடுத்துக் காட்டி
"அது நான்" என்றேன்,
நிகழ்காலத்தில்.

புரிய நேரமானது.
பிறகு புரிந்தது.
நான் எதிர்பார்த்தது ஒரு வசவு.
அவர் கேட்டது:
"எத்தனை மணிக்கு?"
ஆறு ஐம்பது.
"எத்தனை தரம்?"
மூன்று.
பென்சிலை நாக்கில் தொட்டு
அந்த வரியை அளவுகோல் வைத்ததுபோல் அடித்தார்.
ஓரத்தில் என்னமோ எழுதினார், சின்ன எழுத்தில்.
என் பெயராக இருக்கலாம்.
பையை என் தோளில் மாட்டிவிட்டு
வெறுங்கையோடு முன்னால் நடந்தார்.
பெட்டிகளை எண்ணவில்லை.

பேருந்தில் இன்னாசிமுத்து
வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்,
"பாத்தீங்களா சார்?"
கீழே கடல் முழுக்கத் தெரிந்தது.
வளைவு வருது,
கம்பியைப் பிடிங்க என்றேன்.